கண்ணை மூடி வாங்கிய காசு

2001ஆம் ஆண்டின் மாரிகாலத்தில் கிழக்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் எனக்கு வேலை பழக்க நின்ற அண்ணை கல்லாவைத் திறந்தார். ஒரு பென்னியிலிருந்து இரண்டு பவுண் வரை எட்டுக் குற்றிகளை எடுத்து என் உள்ளங்கையில் போட்டார்.

"கண்ணை மூடு தம்பி. இருபது பென்ஸை எடுத்துத் தா."

மூலை தட்டுப்பட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது ஐம்பது.

"ரெண்டுக்கும் ஏழு மூலைதான். இருபது சின்னன், பெருவிரலுக்குள்ள அடங்கும். இப்ப ஒரு பென்னியை எடு."

சிறிய வட்டங்கள் இரண்டு இருந்தன. எது பென்னி, எது ஐந்து பென்ஸ் என்று பிடிபடவில்லை.

"ஓரத்தை நகத்தால சுரண்டு. வழுக்கிக்கொண்டு போனால் பென்னி. அரம் மாதிரிக் கரகரத்தால் அஞ்சு."

அரை மணி நேரத்தில் எட்டும் கைக்கு வந்துவிட்டன. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கை கல்லாவுக்குள் இருக்க வேண்டும், கண் வாடிக்கையாளரின் முகத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய பாடம். கண்ணைத் திறக்கவிடாமலே கடைசியாக ஒன்று கேட்டார்: "இந்தக் காசில ராணி எந்தப் பக்கம் பார்க்கிறா?"

"இடப்பக்கம்" என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் அந்தக் கல்லாவில் நின்றவர். ஒரு காசை எடுத்து விளக்கின் கீழே பிடித்துப் பார்த்த பிறகுதான், "வலப்பக்கம்" என்றார்.

எத்தனை ஆயிரம் காசுகள் அவருடைய விரல்களுக்கிடையே போயிருக்கும்? ஓரத்தைத் தொட்டதும் பெயர் சொல்லும் விரல்கள் அவை. அந்த மனிதருக்குக் காசின் முகம் தெரிந்திருக்கவில்லை. அன்றிரவு இது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. இன்றும் அந்த வியப்பு தீரவில்லை.

*

இந்த வியப்பை உளவியலாளர்கள் முறையாக அளந்து பார்த்திருக்கிறார்கள். 1979இல் அமெரிக்காவில் ரேமண்ட் நிக்கர்சன், மெரிலின் ஆடம்ஸ் என்ற இருவர், அந்நாட்டின் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையும்படி ஆட்களைக் கேட்டார்கள். லிங்கனின் தலை, ஆண்டு, எழுத்துகள் என்று அதிலுள்ள எட்டு அம்சங்களில் மூன்று அளவுக்கே பலரும் சரியாக வரைந்தார்கள். பிறகு பதினைந்து படங்களைக் காட்டி உண்மையான காசு எது என்று கேட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் தவறவிட்டார்கள். பிறந்ததிலிருந்து கையில் புழங்கிய காசு அது.

பிரித்தானியாவில் முடிவு இன்னும் விசித்திரம். கிரெகரி ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், காசில் அரசியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே கேள்வி. பெரும்பாலோர் இடப்பக்கம் என்றார்கள். பூவா தலையா போட்டுப் பதில் சொல்லியிருந்தால்கூட அதைவிடக் கூடுதலானவர்கள் சரியாகச் சொல்லியிருப்பார்கள். மறதி என்றால் விடைகள் பாதிக்குப் பாதியாகச் சிதறியிருக்கும். இங்கே பெரும்பாலோர் ஒரே பக்கம் தவறினார்கள். முத்திரையின் நினைவு குழப்பியிருக்கலாம்: தபால் முத்திரையில் அரசி இடப்பக்கம்தான் பார்த்தார். 1967 முதல் வந்த அந்த முத்திரையின் உருவத்தை வடித்த ஆர்னல்ட் மேச்சினே, 1968 முதல் வந்த காசுகளின் அரசி உருவத்தையும் வடித்தவர். ஒரே சிற்பி, ஒரே முகம். முத்திரையில் இடம், காசில் வலம். அடுத்தடுத்து வரும் மன்னர்களின் முகங்கள் காசில் மாறி மாறித் திரும்பும் என்பது இந்த நாட்டின் மரபு. அதனால் இப்போது சார்ல்ஸ் மன்னர் இடப்பக்கம் பார்க்கிறார்.

இந்தச் சோதனையை நம்மவர்களும் செய்து பார்க்கலாம். இந்திய ரூபாய்த் தாளின் பின்புறத்தில் மொழிகளின் பட்டி ஒன்று உண்டு. அதில் பதினைந்து மொழிகள். தமிழ் எத்தனையாவது வரி? தமிழுக்காக உயிரைத் தருவேன் என்று சொல்லக்கூடிய நண்பர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். சட்டைப் பையைத் தொடாமல் பதில் சொன்னவரை இன்னும் சந்திக்கவில்லை. மேலிருந்து பதின்மூன்று. சமஸ்கிருதத்துக்குக் கீழே, தெலுங்குக்கு மேலே.

இதை அசட்டை என்று சொல்லி மக்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. காசைப் பார்க்காமல் வாங்க முடிகிறது என்பதே அந்தக் காசு நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்த்தால்தான் வாங்கலாம் என்றால் சந்தை நடக்காது. வீட்டுப் படிக்கட்டில் எத்தனை படி என்று எண்ணாமல் ஏறுகிறோம். ஒரு படி ஆடினால்தான் குனிந்து பார்க்கிறோம்.

*

பார்க்காமலே அறியும்படி காசைச் செய்தவர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். 1969இல் வந்த ஐம்பது பென்ஸுக்கு ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கமும் இலேசாக வளைந்திருப்பதால் எப்படி உருட்டினாலும் அதன் குறுக்களவு ஒன்றேதான். காசு போடும் இயந்திரம் அதை வட்டமாகவே அறிகிறது, விரல் மூலைகளாக அறிகிறது. ஒரு பென்னியின் எடை 3.56 கிராம், இரண்டு பென்ஸ் 7.12 கிராம். சரியாக இரு மடங்கு. ஐந்து பென்ஸ் 3.25, பத்து பென்ஸ் 6.5. இதற்கு என்ன பயன் என்பது விடியற்காலை நான்கு மணிக்குச் சில்லறையை வங்கிப் பைகளில் கட்டும்போதுதான் புரிந்தது. செப்புக் காசுகளை ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் என்று பிரிக்கவே தேவையில்லை. கலந்து தராசில் போட்டால், ஒரு பவுணுக்கு எப்போதும் 356 கிராம்.

என் விரல்களுக்கு இது புதிய பாடம் அல்ல. சிறுவயதில் எங்கள் ஊர்க் கடையில் ஐந்து சதம் மூலை மழுங்கிய சதுரமாக இருந்தது. பத்துச் சதத்தின் விளிம்பு பூவிதழ் போல வளைந்து வளைந்து போகும். இருட்டிலும் களிசான் பையில் கையை விட்டுச் சொல்லிவிடுவோம். இலங்கையில் ரூபாயை நூறு சதமாகப் பிரித்த கணக்கு 1872இலேயே வந்துவிட்டது. ஆண்ட நாடோ, பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுண் என்ற கணக்கை விட்டு நூறுக்கு வந்தது 1971 பெப்ரவரி 15இல். தொண்ணூற்றொன்பது ஆண்டு பிந்தி. அன்று இந்த நகரத்து மக்கள் அத்தனை பேரும் தங்கள் சொந்தக் காசைப் புதிதாகப் படித்தார்கள். ஒரு நாளாவது எல்லோரும் வந்தேறிகளாக நின்று காசை உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

மற்ற நாட்களில் உற்றுப் பார்ப்பவர்கள் புதிதாக வந்தவர்கள்தான். 2008இல் மத்தியு டென்ட் என்ற இளம் கலைஞர் வரைந்த புதிய வடிவங்கள் புழக்கத்துக்கு வந்தன. ஒரு பென்னி முதல் ஐம்பது பென்ஸ் வரை ஆறு காசுகளை உரிய முறையில் அடுக்கினால் அரச கேடயம் முழுதாக அமையும். அழகான எண்ணம். ஆனால் அந்த ஆறிலும் ஓர் எண்கூட இல்லை. மதிப்பு ஆங்கில எழுத்தில் மட்டும். இங்கே பிறந்தவர்களுக்கு அது உறைக்கவில்லை. எண் தெரிந்தும் எழுத்துத் தெரியாதவர்களுக்கு அந்தக் காசு ஊமையானது. 2023இல் வந்த புதிய வரிசையில் அணில், ஓக் இலை, பஃபின் பறவை, சால்மன் மீன் ஆகியவற்றோடு பெரிய எண்களும் திரும்பிவிட்டன. பிள்ளைகள் எண்ணிப் பழக உதவும் என்று அப்போது சொல்லப்பட்டது. என் நினைவுக்கு வந்தவர் என் அம்மா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

*

நம்பிக்கை ஆடும்போது ஊரே காசைப் பார்க்கத் தொடங்கும். வட்டமான பழைய ஒரு பவுண் காசில், அதன் கடைசிக் காலத்தில், ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று கள்ளக்காசு என்று அரச நாணயச்சாலையே கணக்குச் சொன்னது. கல்லாவில் நின்ற நாங்கள் எல்லோரும் பரிசோதகர்கள் ஆனோம். காசைப் பக்கவாட்டில் புரட்டினால் பின்படம் தலைகீழாகாமல் நேராக நிற்க வேண்டும். ஓரத்து எழுத்து மேடுபள்ளமின்றி ஒரே ஆழத்தில் ஓட வேண்டும். அந்த இலத்தீன் வாசகத்தைத் தமிழில் 'அணியும் அரணும்' என்று சொல்லலாம். வெள்ளிக்காசின் ஓரத்தை வெட்டித் திருடியவர்களைத் தடுக்க, பதினேழாம் நூற்றாண்டில் காசின் ஓரத்தில் பொறித்த வாசகம் அது. அணியாகவும் அரணாகவும் இருந்த அந்த ஓரமும் தோற்றபோது, 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்கக் காசு வந்தது. ஒக்டோபர் 15ஆம் தேதியோடு வட்டக் காசு செல்லாக்காசு ஆனது.

அதற்குச் சற்று முன்பு, 2016 செப்டம்பரில், ஐந்து பவுண் தாள் பிளாஸ்டிக் தாளாக வந்தது. அதன் தயாரிப்பில் விலங்குக் கொழுப்பின் சிறு துளி சேர்ந்திருக்கிறது என்று அவ்வாண்டு நவம்பரில் தெரிந்ததும், மாற்றக் கோரிய மனுவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். சில இந்துக் கோயில்கள் அந்தத் தாளை ஏற்க மறுத்தன. நன்றாக ஆலோசித்த இங்கிலாந்து வங்கி, மறு ஆண்டு ஓகஸ்டில், மாற்றுவதில்லை என்று முடிவு சொன்னது. அந்த மாதங்களில் அர்ச்சனைத் தட்டில் ஐந்து பவுணை வைக்கப்போன கைகள் தயங்கி நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தாளில் சர்ச்சில் இருக்கிறார் என்பதைக்கூடக் கவனியாதவர்கள், அது எதனால் ஆனது என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. சாமிக்குக் கொடுப்பதை நாம் பார்த்துத்தான் கொடுக்கிறோம்.

*

அப்படியானால் மற்ற நாட்களில் நமக்காகப் பார்ப்பவர்கள் யார்?

செயின்ற் போல்ஸ் தேவாலயத்திலிருந்து சில நிமிட நடையில், ஃபொஸ்டர் லேன் என்ற சிறு தெருவில், பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபம் இருக்கிறது. 1478இலிருந்து லண்டன் பொற்கொல்லர்கள் தங்கள் பொருட்களை இந்தச் சங்கத்தின் மண்டபத்துக்குக் கொண்டுவந்து சோதித்து முத்திரை பெற வேண்டியிருந்தது. மண்டபத்தின் குறி என்ற பொருளில் பிறந்த சொல்தான் ஹால்மார்க். தியாகராய நகரிலும் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் ஈஸ்ட் ஹாமிலும் நகைக்கடைப் பலகைகளில் நாம் தினமும் படிக்கும் சொல்.

இந்த மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு நடக்கிறது. பிக்ஸ் சோதனை என்று பெயர். பிக்ஸ் என்றால் பெட்டி. நாணயச்சாலை அந்த ஆண்டு அடித்த காசுகளிலிருந்து மாதிரிகள் பெட்டிகளில் வரும். 1282இலிருந்து தொடர்வதாகச் சொல்லப்படும் சடங்கு. குற்றக்கூண்டில் நிற்பது நாணயச்சாலை. நாணயச்சாலைத் தலைவர் என்ற பெயர் இன்று நிதியமைச்சருக்கு உரியது. நடுவர் குழுவில் பொற்கொல்லர் சங்கத்தார். தலைமை வகிக்கும் நீதிபதியின் பழம்பதவிக்குப் பெயர் 'மன்னரின் நினைவூட்டுநர்'. ஊரார் முகத்தை மறந்துவிட்ட காசு, நினைவூட்டுநரின் முன்னால் வந்து நிற்கிறது. நடுவர்கள் பொட்டலங்களைப் பிரித்து எண்ணுவார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு காசு செப்புக் கிண்ணத்துக்குப் போகும், சோதனைக்கு. மற்றவை மரக் கிண்ணத்துக்கு. சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு.

பெயருக்கு நடக்கும் சடங்கு என்று இதை ஒதுக்க முடியாது. ஐசக் நியூட்டன் நாணயச்சாலைத் தலைவராக இருந்த காலத்தில், 1710இல், அவருடைய பொற்காசுகள் மாற்றுக் குறைந்தவை என்று நடுவர்கள் சொன்னார்கள். ஒப்பிடப் பயன்பட்ட தகடுதான் தேவைக்கு மேல் தூய்மையானது என்று நியூட்டன் வாதாடினார். எடையின் விதியை அறிந்தவரையும் பொற்கொல்லர்கள் ஒரு காசைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள்.

அங்கே சோதிக்கப்படும் காசுகளில் ஒன்று நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. 1817இல் லண்டன் டவர் ஹில் நாணயச்சாலையில் புதிதாகப் பிறந்த 'சவரன்'. எடை 7.988 கிராம், 22 கரட். நம் தட்டான்களின் 'ஒரு பவுண் எட்டுக் கிராம்' என்ற கணக்கு அந்தக் காசின் எடை. நம் நகைக்கடைகளின் 916 அந்தக் காசின் மாற்று. லண்டனைக் கண்ணால் காணாத எங்கள் ஆச்சிமார், லண்டன் காசின் எடையைக் கழுத்தில் தாங்கியிருந்தார்கள். நாணயச்சாலை வேல்ஸுக்குப் போனபோது, 1975இல் டவர் ஹில்லில் கடைசியாக அடித்த காசும் ஒரு சவரன்தான்.

இப்படி ஊருக்காக உற்றுப் பார்த்தவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். சங்கப் புலவர் பெயர்களில் வடவண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழார் என்று வருகிறதே, அந்த வண்ணக்கன் என்ற சொல்லுக்கு நாணயச் சோதகர் என்று பொருள். பகலில் பொன்னின் நிறத்தைப் பார்த்தவர்கள் சொல்லின் நிறத்தையும் பார்த்தார்கள் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. நாம் சாதாரணமாகச் சொல்லும் 'நோட்டம்' என்ற சொல்லுக்கும் நாணயச் சோதனை என்ற பொருள் உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமப் பொற்காசுப் புதையலில் 500க்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. எடை குறைந்த காசைப் புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். உள்ளே பொன்தானா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது இன்னொன்று. அவற்றுள் பல இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யாரோ ஒருவர் நம் ஊரில் அரசனின் முகத்துக்கு அஞ்சாமல் காசைச் சோதித்த தடம் அது.

ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற பெயருடைய கல்லால் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இங்கே பிக்ஸ் பெட்டிகள் நெடுங்காலம் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் ஓர் அறையில் இருந்தன. இரு நாட்டாரும் எடைக்கல்லையும் மாதிரிக் காசையும் கடவுளின் வீட்டில் வைத்தார்கள். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல்: நாணயம். ஆங்கிலத்திலும் வெள்ளிப் பென்னியின் பெயரான ஸ்டெர்லிங் என்ற சொல்லால் மனிதனின் குணத்தைப் புகழ்கிறார்கள்.

*

அம்மா 2010இல் லண்டனுக்கு வந்தார். வந்த சில வாரங்களில் அப்டன் பார்க்கில் உள்ள குவீன்ஸ் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகத் தொடங்கினார். ஆங்கிலம் தெரியாது. புதிய காசுகளில் எண்ணும் இல்லை. எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒரு சனிக்கிழமை பின்னால் போய் நின்று பார்த்தேன். கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் பைக்குள் போனதும், அம்மா சில்லறை முழுவதையும் உள்ளங்கையில் கொட்டி வியாபாரியின் முன்னால் நீட்டினார். அந்த இளைஞன் வேறு நாட்டவன், வேறு மொழி. அவன் குனிந்து, ஒவ்வொரு காசாக அம்மாவுக்குத் தூக்கிக் காட்டி, பெயர் சொல்லி எடுத்தான். எடுத்து முடிந்ததும் மிச்சக் காசு விழாதபடி அம்மாவின் விரல்களை மெல்ல மடக்கிவிட்டான்.

அவன் ஏமாற்றியிருந்தால் அம்மாவுக்குத் தெரிந்திராது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சமையலறை மேசையில் பால்மா பேணி மூடியைக் கவிழ்த்து வைத்து, மிச்சக் காசை ஒவ்வொன்றாக அதில் அடுக்கினார். ஒவ்வொரு காசையும் நான் முதல் வாரம் மார்க்கர் பேனையால் எழுதிக் கொடுத்த தாளோடு ஒத்துப் பார்த்தார். போன காசு, வந்த காசு, கத்தரிக்காய், மிளகாய். கணக்குச் சரி.

இன்று லண்டன் பஸ்ஸில் காசு கொடுக்க முடியாது. 2014 ஜூலை 6இலிருந்து அப்படி. 2017இல் டெபிட் கார்டு இந்த நாட்டில் காசை முந்திவிட்டது. அட்டையை மட்டுமே வாங்கும் கடைகள் ஒவ்வொரு தெருவிலும் வந்துவிட்டன. அட்டைக்கு வேகம் உண்டு, கணக்கும் தானாகப் பதிவாகிறது. என் பிள்ளைகளின் விரல்களுக்கு ஐந்து பென்ஸின் ஓரம் தெரியாது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, உள்ளங்கையை நீட்டி நிற்கும் ஒருவரிடமிருந்து சரியான காசை மட்டும் எடுக்கும் பயிற்சி இல்லாமல் போவது. அந்தப் பயிற்சி கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் சேர்த்தே வருவது. வங்கிச் செயலி காட்டும் தொகையை நாம் பார்த்துவிட்டுக் கடக்கிறோம். அதை எந்த மண்டபத்தில், எந்தக் கிண்ணத்தில் போட்டு, யார் நமக்காக எண்ணுகிறார்கள் என்று கேட்கும் பழக்கம் இன்னும் நமக்கு வரவில்லை. அது வர வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நான் அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பெடியனை நம்பித்தானே கையை நீட்டினீங்கள். பிறகேன் வீட்டில எண்ணுறீங்கள்?"

அம்மா கடைசிக் காசையும் அடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். "நல்ல நாணயமான பெடியன். நம்பாமல் இல்லைத் தம்பி. எண்ணி வைச்சால்தானே நாளைக்கும் கையை நீட்டலாம்."